மலைநாட்டு மண்ணும் மக்கள் அறிவும்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருவழியில், பேராதனையைக் கடந்து சில மைல் தூரம் சென்றால் கெலிஓயா என்னும் சிறு பட்டினம் எதிர்ப்படும். சிங்களத்தில் 'ஓயா' என்பது சிற்றாற்றைக் குறிக்கும் சொல். பெயரிலேயே நீரைத் தாங்கி நிற்கும் இவ்வூரின் அருகே மகாவலி கங்கை ஓடுகிறது. ஆறும், இருப்புப் பாதையும், கடைவீதியும், வீட்டுத் தோட்டங்களும், அவற்றுக்கு மேலே தேயிலையுமாகப் படிப்படியாய் அமைந்த பிரதேசம் இது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே சந்தையிற் பொருள் வாங்கி, ஒரே பஸ்வண்டியில் நெருக்குண்டு வீடு திரும்பும் ஊர்.

இப்பகுதிப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். 'நமது ஆறு' என்ற பொருளில் கட்டுரை எழுதுமாறு ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவரைப் பணித்தேன். ஏறக்குறைய எல்லோரும் பளிங்கு போன்ற தெளிந்த நீர் என்றும், நீலத்திரை விரித்தாற்போல என்றும் எழுதியிருந்தனர். தோட்டத்து லயமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும், மழைக்காலத்தில் கங்கை தேத்தண்ணி நிறமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாள். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "அப்படித்தானே சேர் ஓடுது" என்றாள்.

நான் வெட்கினேன். தெளிந்த நீர் என்ற தொடரை அப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நானே. கண்ணுக்கெதிரே ஓடும் ஆற்றைக் காணவிடாமல் அவர்களைத் தடுத்தது என் பாடம். ஆற்றை உள்ளபடி கண்டவளோ தன் சொல்லில் எத்துணைப் பெரிய வரலாற்று உண்மை அடங்கியிருக்கிறது என்பதை அறியாள். கங்கைக்குத் தேத்தண்ணி நிறத்தைக் கொடுத்தது மழை மாத்திரமன்று. தேயிலையும் அதற்கு முன்னைய கோப்பியும், இவ்விரண்டையும் இம்மலைகளில் நிலைநிறுத்திய பொருளாதார அமைப்புமே. அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அதில் அறிவு யாரிடத்தில் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பிக்கு முன்

ஆங்கிலேயர் 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியபோது மலைநாடு பெருங்காடாக இருந்தது. பள்ளத்தாக்கின் அடியில் படிவயல். வயலுக்கு மேலே பலாவும் கமுகும் கித்துளும் மிளகும் செறிந்த வீட்டுத் தோட்டம். அதற்கப்பால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி விதைக்கும் சேனை. எல்லாவற்றுக்கும் உச்சியில் காடு. இதுவே பழைய கண்டிக் கிராமத்தின் அமைப்பு. உச்சிக்காடு மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து ஊற்றுகளாய்க் கசியவிட்டது. அந்த ஊற்றே வயலுக்குப் பாய்ந்தது.

இவ்வமைப்பைப் பொற்காலமெனப் போற்றுவது நம் நோக்கமன்று. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் குடிகளின் முதுகை ஒடித்த காலம் அது. மன்னர் சில காடுகளை விலக்கப்பட்டவையாக வைத்திருந்தது, பெரும்பாலும் அரண்மனையின் தேவைக்கும் நாட்டின் காவலுக்குமாகவே. கண்டி நகரில் இன்றும் எஞ்சி நிற்கும் உடவத்தக்கலை அத்தகைய அரச காடுகளுள் ஒன்று. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. மேட்டில் காட்டை அழித்தால் பள்ளத்தில் வயல் கெடும் என்ற அறிவு அக்குடியானவனிடம் இருந்தது. அவன் அதை ஏட்டிற் படிக்கவில்லை. தன் வயலின் வரப்பிலிருந்து கற்றான். நிலத்தைப் பற்றிய அறிவும் நிலத்தில் உழைக்கும் கையும் அன்று ஒரே மனிதனிடத்தில் இருந்தன. அவ்விரண்டையும் பிரித்து வைத்தது பின்வந்த காலம்.

கோப்பியின் ஆட்சி

நாம் வாழும் இப்பகுதிக்கும் கோப்பிக்கும் நெருங்கிய உறவுண்டு. கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் 1820களில் கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் தாமே கோப்பி பயிரிட்டார். நாட்டை ஆள வந்தவரே நாட்டின் முதற் தோட்டத்துரைகளுள் ஒருவரானார் என்பது இவ்வரலாற்றின் போக்கை முன்னறிவித்த நிகழ்ச்சி.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உறுதி காட்ட இயலாத காடும், சேனையும், பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியன என்று அது கருதிற்று. பரம்பரையாக ஆண்டுவந்த காணிக்கு எழுத்துறுதி வைத்திருந்த குடியானவர் எத்தனை பேர்? அவ்வாறு கவரப்பட்ட நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியோரில் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளும் இருந்தனர். சட்டம் செய்தவனும் அவனே, விற்றவனும் அவனே, வாங்கியவனும் அவனே!

பின்னர் காடு விழுந்தது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்துவர். உச்சியிலுள்ள பெருமரங்களை முழுதும் வெட்டிச் சாய்க்க, அவை கீழுள்ளவற்றின் மீது விழ, மலைச்சரிவு முழுவதும் பேரிடி போன்ற ஓசையுடன் ஒருங்கே சாயும். மரம் காய்ந்ததும் தீ மூட்டுவர். அந்தச் சாம்பலில் கோப்பி நாட்டப்பட்டது. 1878 அளவில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரவியிருந்தது. அதில் உழைக்கவென்று தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர்.

ஏங்கல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையொன்றில், கியூபாவின் மலைச்சரிவுகளில் ஸ்பானியத் தோட்டக்காரர் காடெரித்த சாம்பலை ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரமாக்கியதையும், பின்னர் மழை மேல்மண்ணை வாரிச் சென்று வெறும் பாறையை விட்டுவைத்ததையும் குறிப்பிடுகிறார். உடனடி இலாபத்தையே எண்ணும் உற்பத்திமுறை அதன் பின்விளைவை எண்ணுவதில்லை என்பது அவர் காட்டிய உண்மை. கியூபாவைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கம்பளையிலும் புசல்லாவையிலும் அதே சாம்பல், அதே மழை, அதே கோப்பி! அமைப்பு ஒன்றாயிருந்தபடியால் விளைவும் ஒன்றாயிற்று.

ஐயாயிரம் அடிக் கோடு

ஆட்சியாளருக்கு இவ்வழிவு தெரியாமலா போயிற்று? நன்றாகத் தெரியும். பேராதனையில் 1821 முதல் தாவரவியற் பூங்கா இருந்தது. இலண்டனில் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராயிருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், மலையுச்சிக் காடுகள் அழிந்தால் மழையும் நீரும் கெடும் என்று 1873இல் எச்சரித்தார். அதன் பயனாக ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. 1885இல் காட்டுச் சட்டமும் பிறந்தது. நல்ல செய்தி என்றே தோன்றும்.

ஆனால் அந்தக் கோட்டை நம் ஊரில் நின்று நோக்குங்கள். கெலிஓயாவுக்கும் பேராதனைக்கும் கண்டிக்கும் மேலே நிற்கும் ஹந்தானை மலைத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமும் நாலாயிரம் அடி அளவினதே. ஐயாயிரம் அடிக் கோடு வரையப்பட்டபோது, கண்டியைச் சூழ்ந்த மலைகள் எல்லாம் அக்கோட்டுக்குக் கீழே விடப்பட்டன. கோப்பி நன்கு விளைந்த உயரங்களும் பெரும்பாலும் அக்கோட்டுக்குக் கீழேயே இருந்தன. இலாபந்தரும் நிலத்தை விலக்கிவிட்டு எஞ்சியதைக் காப்பது எளிது! அறிவியல் எச்சரித்தது, ஆயின் எல்லையை வரைந்தது மூலதனம்.

இன்னொன்றும் கவனித்தற்குரியது. அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்ட ஒன்று. மலையிற் குடியிருந்த சிங்களக் குடியானவனுக்கோ, மலையில் உழைத்த தமிழ்த் தொழிலாளிக்கோ அது சொல்லப்படவில்லை. மாறாக, காட்டழிவுக்கான பழி பெரும்பாலும் சேனை வெட்டும் ஏழையின் தலையிலேயே சுமத்தப்பட்டது. அவன் வெட்டியது சில ஏக்கர். துரை வெட்டியது மலை.

சுரண்டி என்னும் கருவி

கோப்பி இலைகளில் 1869இல் ஒருவகைப் பூஞ்சண நோய் காணப்பட்டது. இருபதாண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்டுப் பார்த்த தேயிலை, அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பி ஏறாத உயரங்களிலும் தேயிலை ஏறிற்று.

தோட்டத்து வேலைகளுள் புல்லுவெட்டு ஒன்று. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது, நிலம் துடைத்துவிட்டாற்போல் இருக்கவேண்டும் என்பது நெடுங்காலம் துரைமாரின் கட்டளை. இதற்குப் பயன்பட்ட கருவியின் பெயர் 'சுரண்டி'. தமிழ்த் தொழிலாளி வைத்த பெயர் அது. ஆங்கில அறிக்கைகளிலும் அப்படியே இடம்பெற்றது. புல்லைச் சுரண்டும்போது மேல்மண்ணும் சேர்ந்து சுரண்டப்பட்டது. அடுத்த மழையில் அது ஓடையிற் கலந்தது. ஓடை கங்கையிற் கலந்தது. உழைப்பைச் சுரண்டுவதற்கும் மண்ணைச் சுரண்டுவதற்கும் தமிழில் ஒரே சொல்லாக அமைந்துவிட்டது. இதனைச் சொல்லின் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டா. இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

மண்ணைக் காக்கும் வழிகள் தெரியாதவை அல்ல. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுதல், கல்லணை கட்டுதல், நிழல்மரம் நடுதல், புல்லை முற்றாகச் சுரண்டாது விடுதல், தேய்ந்த நிலத்தில் சில காலம் மானாப்புல்லோ குவாத்தமாலாப்புல்லோ வளர்த்தல் ஆகியன நன்கு அறியப்பட்டவை. நிலத்தை மூடி நெருங்கி வளர்ந்த தேயிலை மண்ணை மிகச் சிறிதே இழக்கும். இடைவெளி விழுந்து பராமரிப்பின்றிக் கிடக்கும் பழைய தேயிலையோ ஆண்டுதோறும் ஹெக்டேருக்குப் பல பத்துத் தொன் மண்ணை இழக்கும். பலாவும் மிளகும் கமுகும் கலந்த கண்டி வீட்டுத்தோட்டமோ மண்ணை ஏறத்தாழ இழப்பதேயில்லை. குற்றம் தேயிலைச் செடியினது அன்று. செடியை நட்டு, மண்ணைக் கணக்கில் எழுதாமல் விட்ட முறையினது.

மண்ணரிப்பை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1931இல் வெளிவந்தது. புல்லை முற்றாகச் சுரண்டும் முறையின் கேட்டை அது எடுத்துக்காட்டியது. கான் வெட்டியவன், அணை கட்டியவன், சுரண்டி பிடித்தவள் எவரும் அந்த அறிக்கையைக் கண்டதில்லை. அறிவு மேலே அறிக்கையாகவும், உழைப்பு கீழே கட்டளையாகவும் பிரிந்து நின்றன.

வெள்ளமும் சட்டமும்

1947 ஆகஸ்டு மாதம் மேல்மகாவலிப் பிரதேசத்தில் பெருவெள்ளம் வந்தது; கொத்மலைப் பக்கத்தில் நிலம் சரிந்தது. காட்டை இழந்த மலை நீரைத் தாங்காது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அவ்வெள்ளத்தின் நினைவு ஆறுமுன் 1951இல், 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டில் கண்டிக் குடியானவர் ஆணைக்குழுவின் அறிக்கையும் வெளிவந்து, தோட்டங்களால் நெருக்குண்ட கிராமங்களின் காணிப்பசியை நாட்டுக்கு எடுத்துரைத்தது.

இவ்விரண்டுக்கும் சற்று முன்பு, 1948இல், இன்னொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவதென்றும் பங்கிட்டது. இவ்வரலாற்றுக்கும் மண்ணரிப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நேரான தொடர்பே உண்டு. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாதவனிடம், முப்பதாண்டுக்குப் பின் பயன்தரும் மரத்தை நடு என்று எவ்வாறு சொல்வது? லயத்தின் காம்பராவும் சொந்தமில்லை, வாசலிலுள்ள நாலடி நிலமும் சொந்தமில்லை என்ற நிலையில், நிலத்தை நேசி என்ற உபதேசம் ஏளனமாகவே ஒலிக்கும்.

காட்டின் கதை தொடர்ந்தது. 1950களின் நடுப்பகுதியில் இலங்கைப் பரப்பில் 44 வீதமளவு காடாயிருந்தது. 1990களில் அது நான்கில் ஒன்றுக்கும் கீழே போயிற்று. மத்திய மலைச்சரிவுகளில் புகையிலையும், நுவரெலியாப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செங்குத்தான நிலங்களில் ஏறின. 1976இல் கண்டிக்கருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து அணை திறக்கப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில் அந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் 44 வீதம் வண்டலால் நிரம்பிவிட்டதென அளவீடு காட்டியது. மேலே ஒவ்வொரு சுரண்டியும் சுரண்டிய மண் அங்கே படிந்து கிடந்தது. வடமத்திய வயல்களுக்கு நீரும் நாட்டுக்கு மின்சாரமும் தரவேண்டிய தேக்கம், மலைநாட்டின் மண்ணுக்குப் புதைகுழியாயிற்று.

கல்வி எங்கே நின்றது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் கிராமப் பாடசாலைகளிற் 'பாடசாலைத் தோட்டம்' என்னும் நல்ல முயற்சி தொடங்கப்பட்டது. கிறிஸ்தோபர் டிரீபர்க் என்பார் அதற்கு மேற்பார்வையாளராக இருந்தார். பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் கற்கவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் தோட்டத்தின் நடுவிலேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் பிள்ளைக்குப் பாடசாலைத் தோட்டமும் இல்லை, பாடசாலையும் சரியாக இல்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆறு முதல் பத்து வயது வரை கற்க வசதி செய்யுமாறு பணித்தது. பத்து வயதுக்குப் பின்? கொழுந்துக் கூடையும் சுரண்டியும் காத்திருந்தன. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே.

பின்வந்த காலத்தில் நிலைமை மாறிற்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடி அணிகள் அமைந்தன. பாடநூல்களில் மண்ணரிப்புப் பற்றிய பாடமும் வந்தது. இவற்றை நாம் வரவேற்கவேண்டும். ஆயினும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம்: இப்பாடங்களை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம்? மண்ணரிப்பின் காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, தடுக்கும் வழிகள் ஐந்து என்று கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவன் மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுகிறான். யன்னலுக்கு வெளியே கங்கை தேத்தண்ணி நிறமாக ஓடுகிறது.

வரைபடமும் மரணமும்

1986 தொடக்கத்திலும் 1989இலும் மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகளுக்குப் பின், 1990 முதல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. எந்தச் சரிவு உறுதியானது, எது ஆபத்தானது என்பதை அவை நிறங்களாற் பிரித்துக் காட்டுகின்றன. மழையளவைக் கொண்டு எச்சரிக்கும் முறையும் உண்டு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். மிகப் பயனுள்ள அறிவு இது.

ஆனால் 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாட்டைத் தாக்கியபோது அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எல்லா மாவட்டங்களிலும் மிகுதியாக உயிரிழந்தது கண்டி மாவட்டமே. கம்பளை தொடக்கம் பேராதனை வரை மகாவலிக் கரையின் தாழ்நிலங்கள் நீருள் மூழ்கின, மலைகள் சரிந்தன. எச்சரிக்கைச் செய்திகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. ஹூக்கரின் எச்சரிக்கைக்கும் இவ்வெச்சரிக்கைக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. மலையில் வாழ்வோனின் மொழிக்கு அறிவு வந்துசேர இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். மக்களுக்கு அறிவூட்டிவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று கூறுவோர் உளர். இது அரைகுறை உண்மை. மீரியபெத்தை மக்கள் அறியாமையால் சாகவில்லை. பாதுகாப்பான காணி இல்லாமையால் செத்தனர். காணியும் வீடும் உரிமையும் தராமல் அறிவை மட்டும் ஊட்டுவது, பசித்தவனுக்குச் சத்துணவு பற்றிய துண்டுப் பிரசுரம் கொடுப்பதைப் போன்றது. ஆனால் இதன் மறுதலையும் உண்மையே. தன் வீடு எந்த நிறத்துச் சரிவில் நிற்கிறது என்று அறியாத மக்கள், பாதுகாப்பான காணியை உரிமையுடன் கேட்பது எங்ஙனம்? அறிவு உரிமைக்கு மாற்றாகாது. ஆனால் அறிவின்றி உரிமைப் போராட்டத்துக்குக் கண்ணில்லை.

நாம் செய்யக்கூடியன

அயலில் ஒரு முன்மாதிரி உண்டு. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மக்கள் மொழியிற் கொண்டுசெல்வதைத் தன் பணியாகக் கொண்டது. அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காட்டை நீர்மின் திட்டத்திலிருந்து காக்க எழுந்த இயக்கத்தில் அது முன்னின்றது; 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. பின்னர் 1990களின் தொடக்கத்தில் பஞ்சாயத்துத்தோறும் நிலம், நீர், மண் ஆகியவற்றை ஊர்மக்களே தொண்டர்களாகச் சென்று வரைபடமாக்கும் பணியைத் தொடங்கியது. அப்பணியில் ஆசிரியரின் பங்கு பெரிது. திட்டம் மேலிருந்து இறங்காமல் வயலிலிருந்து ஏறிவரலாம் என்பதை அது காட்டியது.

நமக்கு அது இயலாததா? சில எளிய பணிகளை எண்ணிப் பாருங்கள்.

நேரான பக்கங்களையுடைய ஒரு தகரப் பேணியும் ஓர் அடிமட்டமும் இருந்தால் மழை அளக்கலாம். தேங்கிய நீரின் உயரமே மழையின் மில்லிமீற்றர் அளவு. நாள்தோறும் காலையில் மாணவர் அளந்து பாடசாலைப் படலையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்தால், 75, 100, 150 என்ற எண்கள் பரீட்சைக்குரியனவாக மட்டும் இரா. நிலத்திற் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், இறுகி மூடமறுக்கும் கதவு, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியன சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம்மினும் அவர்களுக்கு மிகுதியாகத் தெரியும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் காரணம் கூறாமலே தகவல் கேட்க வழிசெய்துள்ளது. எமது கிராமத்தின் அபாய வரைபடம் எங்கே, அதனைத் தமிழில் விளக்கித் தாருங்கள் என்று கேட்பதற்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் முப்பது நாள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்லவும் சட்டம் இடமளிக்கிறது. 1840இல் உறுதியில்லை என்று காணியை இழந்தவனின் பேரனும், 1948இல் பிரஜாவுரிமை இழந்தவனின் பேர்த்தியும் இன்று ஒரே மேசையில் அமர்ந்து அவ்விண்ணப்பத்தை எழுதலாம். மேலேயுள்ள தோட்டத்தின் மண்ணே கீழேயுள்ள வயலிற் படிகிறது. ஆகவே லயத்துத் தொழிலாளியும் கிராமத்துக் குடியானவனும் பகைவரல்லர், ஒரே சரிவின் அயலவர். இந்த ஒற்றுமையை மலை தன் வடிவத்தாலேயே கற்பிக்கிறது. நாம்தான் வகுப்பறையிற் கற்பிப்பதில்லை.

அந்த மாணவியின் கட்டுரைக்கு நான் முதலில் இட்ட புள்ளி குறைவு. உவமை சிறப்பில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தேன். பின்னர் அதனை அடித்துவிட்டுப் புள்ளியைத் திருத்தினேன். மறுவாரம் அதே வகுப்பைக் கங்கைக் கரைக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு போத்தலில் ஆற்றுநீர் அள்ளச் செய்தேன். யன்னலோரம் வைத்த போத்தல்களில் மறுநாட் காலை விரலகல மண் படிந்திருந்தது. இந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒருவன் ஹந்தானையைக் காட்டினான். இன்னொருவன் கம்பளைப் பக்கத்தைக் காட்டினான். அம்மாணவி தன் தாய் வேலைசெய்யும் மலையைக் காட்டினாள்.

அன்று தமிழ்ப்பாடம் அங்கிருந்தே தொடங்கிற்று.